காரில் காணாமல் போன ஸீன்



மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், மேலப்பாளையத்திலிருந்து கடையநல்லூரில் உள்ள என் தங்கையின் வீட்டுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். வாப்பா முன்னிருக்கையில் என் இடப்பக்கம் அமர்வார்கள். பின்னால் என் மனைவியும் ஒன்பது வயது மகளும். வண்டி திருநெல்வேலி நகரத்தின் நெரிசலைக் கடந்து தென்காசிச் சாலையில் ஏறியதும் கிராஅத்தை ஒலிக்க விடுவேன். போகிற வழி முழுவதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு பயணத்தில் ஆலங்குளத்தை நெருங்கும்போது வாப்பா கேட்டார்கள்: "ஓதுபவர் யார் தம்பி? ஸீனை விழுங்குகிறாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓதிக்கொண்டிருந்தவர் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி (ரஹ்). எகிப்தைச் சேர்ந்த அந்தக் காரிதான் திருக்குர்ஆன் முழுவதையும் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கு ஓதியவர். 1961ஆம் ஆண்டின் அந்தப் பதிவு இன்றும் உலகெங்கும் தஜ்வீத் கற்பவர்களுக்கு உரைகல்லாக இருக்கிறது. வாப்பா நாற்பது ஆண்டுகள் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்கள். "எழுத்து எப்படிப் பிறக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமா, ஹுஸரியைக் கேள்" என்று எத்தனையோ மாணவர்களிடம் சொன்னவர்கள். அவர்கள் ஹுஸரியிடமே குறை காண்கிறார்கள் என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

குறையைத் துல்லியமாகவே சொன்னார்கள். சூரத்துன் நாஸின் ஆறு வசனங்களும் ஸீன் எழுத்தில் முடிகின்றன. காரில் அந்த ஆறு இடங்களிலும் கடைசி எழுத்து அறுந்து, வெறும் "நா" என்று நிற்கிறதாம். சூரத்துல் ஃபலக்கில் வரும் நஃப்ஃபாஸாத் என்ற சொல்லில் ஃபாவும் ஸாவும் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றனவாம். தமிழில் எழுதும்போது ஸா, ஸீன், ஸாத் ஆகிய மூன்றுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே "ஸ" தான். ஓதும்போதோ மூன்றும் வேறு வேறு. ஸாவுக்கு நாக்கின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். ஸீனில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்க வேண்டும். அதற்கு ஸஃபீர் என்றே தஜ்வீதில் பெயர். அந்தச் சீழ்க்கைதான் எங்கள் காரில் காணாமல் போயிருந்தது.

ஆலங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது அதே சூராவைக் கைப்பேசியில் போட்டு என் காதருகே வைத்துக் கேட்டேன். ஸீன் ஊசிமுனை போலத் தெளிவாக இருந்தது. காரின் ஸ்பீக்கரில் போட்டேன். இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. குற்றவாளி கார்தான் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

காரணத்தைப் பிறகு படித்து அறிந்துகொண்டேன். ஆ, ஈ, ஊ போன்ற நெடில்களின் வலிமை தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் இருக்கிறது. "ஸ" என்னும் சீழ்க்கையின் வலிமையோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. குறைந்த விலைக் கார்களில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வரும் ஸ்பீக்கர் பல நேரங்களில் ஒற்றைக் காகிதக் கூம்பு மட்டுமே. மேல் ஒலிக்கென்று தனி ட்வீட்டர் இருக்காது. அந்தக் கூம்பும் கதவின் அடிப்பகுதியில், நம் கணுக்காலுக்கு நேராக அமர்ந்திருக்கும். தாழ்ந்த ஒலி நீரைப் போல எங்கும் பரவும். உயர்ந்த ஒலி டார்ச் விளக்கின் வெளிச்சம் போல நேராகவே செல்லும். ஆக, ஹுஸரியின் ஸீனை ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது என் கால்சட்டைதான். போதாக்குறைக்கு டயரின் இரைச்சல் வேறு. ஒலியளவைக் கூட்டினால் நெடில்கள்தாம் முழங்கின. ஸீன் அங்கேயே கிடந்தது. பின்னிருக்கையிலிருந்து "தலை வலிக்கிறது" என்ற குரல் மட்டும் தவறாமல் கேட்டது.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் செய்தேன். என்னிடம் இருந்த கோப்பு வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது. வெறும் 32 கேபிபிஎஸ் தரம். அவ்வளவு சுருக்கினால் முதலில் பலியாவது மேல் ஒலிகள்தாம். அதை அழித்துவிட்டு, அதே கிராஅத்தின் 128 கேபிபிஎஸ் பதிவைப் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு ஸ்டீரியோவின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. லவுட்னஸ் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது, பேஸ் ஏறக்குறைய உச்சத்தில் நின்றது, ஈக்வலைசர் "ராக்" என்பதில் இருந்தது. அஸ்தஃபிருல்லாஹ்! திருக்குர்ஆனை நாங்கள் அத்தனை நாளும் ராக் இசைக்கான அமைப்பில் கேட்டிருக்கிறோம். லவுட்னஸை நிறுத்தி, பேஸைக் குறைத்து, டிரெபிளை இரண்டு புள்ளி ஏற்றி, ஃபேடரை முன்பக்கம் தள்ளினேன். கதவுப் பையில் கிடந்த சில்லறைக் காசுகள், பழைய சாவி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கரகரப்பில் ஒரு பங்கு அவற்றினுடையது.

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் இது. இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இன்று மாலை இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

ஆனாலும் வாப்பா, "முன்னைக்குத் தேவலை" என்றார்களே தவிர, திருப்தி அடையவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய கார் ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தேவையைக் கேட்கவில்லை, காரைத்தான் கேட்டார். புதிய தொடுதிரை ஸ்டீரியோ, நான்கு ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் ஒரு சப்வூஃபர் என அடுக்கி, 38,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். பரிசோதனைக்காக ஒரு காரில் போட்டும் காட்டினார். கண்ணாடிகள் அதிர்ந்தன, என் நெஞ்சுக்கூடும் அதிர்ந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. வாப்பாவின் பெயரைச் சொல்லி என் நஃப்ஸ் தனக்கொரு பொம்மை கேட்கிறது என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. ஸீன் கேட்கவில்லை என்பதற்குச் சப்வூஃபர் எதற்கு? அது தாழ்ந்த ஒலிக்கான கருவி. பல் வலிக்குக் காலணி வாங்குவது போன்ற காரியம். வீண்விரயம் செய்வோரைத் திருக்குர்ஆன் யாருடைய சகோதரர்கள் என்று குறிப்பிடுகிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். என் மனைவியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவள் அதை மடித்துக் கையில் கொடுத்து, "ஏழாயிரத்துக்குள் என்ன முடியுமோ செய்யுங்கள்" என்றாள். ஏழாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட எண்களுக்கு மேல்முறையீடு கிடையாது.

அதற்குப் பிறகு என் மைத்துனரைத் துணைக்கு அழைத்தேன். அவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக் கூடாது என்பது. "50 வாட் x 4" என்று எழுதியிருக்கும் ஸ்டீரியோ தொடர்ந்து தரக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்குப் பதினைந்து முதல் இருபது வாட் வரைதான். அந்தச் சிறிய வலிமையில் நன்றாக ஒலிக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். அதற்கு சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 89 டெசிபல் உள்ளதற்குப் பதிலாக 92 டெசிபல் உள்ளதை எடுத்தால், ஸ்டீரியோவின் வலிமையை இரட்டிப்பாக்கியதற்கு அது சமம். ஆம்ப்ளிஃபையர் தேவைப்படாமல் போனது இப்படித்தான்.

இரண்டாவது பாடம், நான்கு ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. முன்கதவுகள் இரண்டுக்கு மட்டும், ட்வீட்டர் தனியாக வரும் காம்போனன்ட் வகையில் ஆறரை அங்குல ஜோடி ஒன்றை 3,900 ரூபாய்க்கு வாங்கினோம். கதவுகளுக்கு டாம்பிங் ஷீட் 1,500. ஸ்பீக்கரைத் தாங்கும் பிளைவுட் வளையங்கள், கப்ளர்கள், ஃபோம் பட்டை எல்லாம் சேர்த்து 450. மைத்துனர் கூலி வாங்க மறுத்ததால், அவருடைய கடைப் பையனுக்கு 700. மொத்தம் 6,550.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு வேலையைத் தொடங்கினோம். பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு டோர் பேடைப் பிரித்தோம். உள்ளே கதவு என்பது மெல்லிய தகரம். விரலால் தட்டினால் எண்ணெய் டின் போலச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் கதவின் ஓட்டைகள் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தகரமோ தன் பங்குக்கு அதிர்ந்து குரலின் மீது ஒரு கரகரப்பைப் பூசுகிறது. வெளித்தகரத்தின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, சிறிய உருளையால் அழுத்தினோம். இதில் அவசரப்படக் கூடாது. தூசியின் மேல் ஒட்டினால் கோடையில் கழன்று விழும். கதவின் அடியில் உள்ள சிறு துளைகளையும் மூடிவிடக் கூடாது. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பழைய நீர்காப்புத் தாளையும் மறக்காமல் திரும்ப ஒட்டினோம். ஷீட் ஒட்டிய கதவைத் தட்டிப் பார்த்தபோது எண்ணெய் டின் மரப்பலகையாக மாறியிருந்தது. கதவைச் சாத்தும் ஓசையே வேறு.

காரின் வயரை வெட்டவில்லை. கப்ளர் போட்டதால் என்றைக்கு வேண்டுமானாலும் பழைய ஸ்பீக்கரை மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள முக்கோணப் பிளாஸ்டிக்கில், முன்னிருக்கையில் இருப்பவரின் முகத்தை நோக்கிப் பொருத்தினோம். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள கார்களில் முன்தூணைக் குடையவோ வயரை அதன் குறுக்கே இழுக்கவோ கூடாது என்று மைத்துனர் எச்சரித்தார். எங்கள் காரில் அது இல்லை.

எல்லாம் முடிந்து ஒலிக்கவிட்டபோது ஒரு விசித்திரம். ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் ஓதுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. குரல் காருக்கு வெளியே எங்கோ கரைந்தது. மைத்துனர் சிரித்துக்கொண்டே ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை எடுத்து ஸ்பீக்கர் வயரில் நொடிப் பொழுது தொட்டார். வலக்கதவில் கூம்பு வெளியே வந்தது, இடக்கதவில் உள்ளே போனது. நான் ஒரு பக்கம் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். சரிசெய்ததும் ஹுஸரி டேஷ்போர்டின் நடுவில் வந்து அமர்ந்துகொண்டார். அல்ஹம்துலில்லாஹ்.

சூரத்துன் நாஸைப் போட்டேன். ஆறு ஸீன்களும் ஆறு இடங்களில் சீழ்க்கையடித்து நின்றன. என் மகள் பின்னாலிருந்து கைதட்டினாள். முன்பு கேட்டதைவிட மிகக் குறைந்த ஒலியளவில் இத்தனையும் கேட்டது. வெளியே ஹாரன் அடித்தாலும் காதில் விழுகிற அளவு அது.

அன்று மாலை வாப்பாவை அழைத்து வந்து முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஃபலக் முடிந்தது. நாஸ் முடிந்தது. நான் அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை போடு" என்றார்கள். போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் பின்னால் திரும்பி மகளிடம், "உனக்கு ஸீன் கேட்கிறதா?" என்றார்கள். அவள், "நல்லாக் கேக்குதே" என்றாள்.

வாப்பா சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் அவர் விழுங்கவில்லை, தம்பி. எனக்குத்தான் விழவில்லை" என்றார்கள்.

இதை எழுதும்போதும் என் கை தயங்குகிறது. ஏனென்றால் அந்த நொடியில் வாப்பா நினைத்தது ஹுஸரியை அல்ல. என் மகள் மஃரிபுக்குப் பிறகு அவர்களிடம்தான் ஓதி வருகிறாள். அதற்கு முந்தைய சில மாதங்களாக அந்த நேரம் எங்கள் வீட்டில் அழுகையில்தான் முடிந்துகொண்டிருந்தது. "ஸீனைச் சரியாக உச்சரி" என்று வாப்பா பத்து முறை, பதினைந்து முறை திரும்பச் சொல்வார்கள். "நான் சரியாத்தான் ஓதுறேன்" என்று அவள் என்னிடம் வந்து தேம்புவாள். நானோ, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவளைத் திருப்பி அனுப்புவேன். அவள் மத்ரஸாப் புத்தகத்தைக் கண்டாலே ஒளிந்துகொள்ளத் தொடங்கியிருந்தாள். அவள் சரியாகத்தான் ஓதியிருக்கிறாள். கார் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, என் மகளின் சொல்லை ஒரு முறை நின்று கேட்கத் தெரியவில்லை.

வாப்பா அன்றிரவே அவளை அருகில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். நாற்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்தவர், ஒன்பது வயதுப் பிள்ளையிடம். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுவாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். முதுமையில் செவித்திறன் குறைவது பெரும்பாலும் மேல் ஒலிகளில்தான் தொடங்குகிறது என்று அவர் விளக்கினார். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து வரைந்த வாப்பாவின் வரைபடம், இடப்பக்கம் ஓரளவு சமதளமாக ஓடி, வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கியது. நெடில்கள் கேட்கும், ஸ, ஃப போன்ற எழுத்துகள் நழுவும். அதனால்தான் இத்தகையவர்கள் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை" என்பார்களாம். வாப்பா எங்களிடம் அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! முணுமுணுக்காமல் பேசுங்கள் என்று எங்களைக் கடிந்தபோதெல்லாம், வயதானால் கோபம் வரும் என்று எடுத்துக்கொண்டோம். திருக்குர்ஆன் பெற்றோரிடம் "சீ" என்ற சொல்லைக்கூடத் தடுத்திருக்கிறது. அந்தச் சொல்லை நாங்கள் சொன்னதில்லைதான். மூன்றாவது முறை கேட்டால் "ஒன்றுமில்லை, விடுங்கள் வாப்பா" என்று சொல்லியிருக்கிறோம்.

செவிக்கருவிக்கு ஆன செலவு அந்தப் பெரிய கடைக்காரர் எழுதிக் கொடுத்த தொகையைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தாள் இன்னும் என் பையில் மடித்தபடியே இருக்கிறது.

முதல் சில வாரங்கள் வாப்பாவுக்குச் சிரமமாகவே இருந்தன. மின்விசிறி இரைகிறது, பிளாஸ்டிக் பை வெடிக்கிறது, தாம் அப்பளம் மெல்லும் ஓசை தமக்கே தாங்கவில்லை என்று கழற்றி வைப்பார்கள். ஆடியாலஜிஸ்ட் சொன்னபடி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். கருவி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடவில்லை. கூட்டமான இடத்தில் இன்னும் தடுமாறுகிறார்கள்.

கருவியோடு முதன்முதலாகக் கடையநல்லூருக்குக் கிளம்பிய ஞாயிறு, தென்காசிச் சாலையில் ஏறியதும் வழக்கம்போல ஹுஸரியைப் போட்டேன். சிறிது தூரம் கேட்டுக்கொண்டு வந்த வாப்பா, கையை நீட்டித் தாமே ஸ்டீரியோவை நிறுத்தினார்கள். பின்னால் திரும்பி, "நீ ஓது" என்று மகளிடம் சொன்னார்கள். அவள் முதலில் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு பிஸ்மி சொல்லி, சூரத்துன் நாஸை ஓதத் தொடங்கினாள். ஒவ்வொரு ஸீனுக்கும் வாப்பாவின் விரல் தொடையில் ஒரு முறை தட்டியது. நான்காவது வசனத்தில் அந்த விரல் நின்றது. மகளும் பயந்து நிறுத்திவிட்டாள்.

"காரில் ஏதோ டிக் டிக் என்று தட்டுகிறது தம்பி, ஓரமாக நிறுத்திப் பார்" என்றார்கள் வாப்பா.

முன்னால் சென்ற லாரியைக் கடப்பதற்காக நான் இண்டிகேட்டர் போட்டிருந்தேன்.